பழகிப்போன பிழை

பொறுமையைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லாத நல்ல வார்த்தை இல்லை. எங்கள் கரிசல் சீமையிலே அது யாரும் போதித்து வருகிற குணமல்ல. மண்ணோடு வருகிற குணம். மழை பொய்த்தால் பொறுத்துக்கொள்கிறோம். பருத்திக்கு விலை விழுந்தால் பொறுத்துக்கொள்கிறோம். மழை பெய்துவிட்டாலோ, காலில் அப்பிக்கொள்ளும் மண்ணையும் சுமந்துகொண்டு நடக்கிறோம். “பழகிப் போச்சு” என்ற இரண்டே சொற்களில் நாகலாபுரத்துக்காரன் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி முடித்துவிடுவான். அந்தச் சொற்களைப் பற்றி எனக்கும் ஒரு பெருமை இருந்தது. சென்ற மாசி மாதத்தில் என் பழைய கார் அந்தப் பெருமையைப் போக்கிவிட்டது.

என் தகப்பனார் வைத்துவிட்டுப் போன சொத்துக்களில் ஓர் அம்பாசடரும் அடக்கம். இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயரில் பிறந்து, வங்காளத்து உத்தரபாராவில் வளர்ந்த இனம் அது. 2014-ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. என்னுடையது நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக் உள்ள வண்டி. டிரம் பிரேக்கில் ஒரு சௌகரியம் உண்டு. சுழலும் டிரம்மே உள்ளே இருக்கும் ஷூவை இன்னும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கால் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. ஆனால் சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பிடிப்புத் தளரும். டிஸ்க் பிரேக்கிலோ தகடு வெளிக்காற்றில் சுழல்வதால் சூடு சீக்கிரம் ஆறிவிடும். 1953-இல் பிரான்சு தேசத்து லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் டிஸ்க் பிரேக்கோடு ஓடி வென்றன. அதன் அருமையை உலகம் கண்டுகொண்டது. பிற்காலத்து அம்பாசடர்களில் கம்பெனியே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பொருத்தியது. நானும் அந்த உறுப்புகளைத் தேடி வாங்கி, ஒரு பட்டறையில் கொடுத்துப் பூட்டிக்கொண்டேன்.

வண்டி கைக்கு வந்த அன்றே பெடல் சரியாக இல்லை. முதல் மிதியில் பஞ்சு மூட்டையை மிதித்ததுபோல் அமுங்கி, தரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலே எழும்பி வந்து பிடித்தது. பட்டறைக்காரரிடம் சொன்னேன்.

“புதுசுல அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. ரெண்டு மிதி மிதிச்சா நின்னுரும். போகப்போகப் பழகிரும்” என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. மூன்றே நாளில் பழகிவிட்டது. பெடலுக்கல்ல, எனக்கு! தூரத்தில் ஓர் ஆடு தெரிந்தாலும் என் கால் தானாகவே இரண்டு முறை மிதிக்கத் தொடங்கியது. பழைய வண்டியின் குணமறிந்து ஓட்டுகிறேன் என்று நண்பர்களிடம் பெருமை பேசினேன். தெரிந்த குறை குறையல்ல என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குப் போயிருந்தபோது, என் அக்காள் மகன் விளாத்திகுளம்வரை போய்வரச் சாவியைக் கேட்டான். கொடுத்தேன். இரண்டு மிதி மிதிக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. எனக்கே அது மறந்து போயிருந்தது. பழக்கத்தின் கொடுமையே அதுதான்.

மாசியில் எங்கள் பக்கத்துச் சாலையோரங்களில் மிளகாய் வற்றல் காயும். வளைவு ஒன்றில் ஓர் அம்மாள் வற்றலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவன் மிதித்தான், பெடல் தரைக்குப் போயிற்று. இரண்டாம் மிதிக்குள் வண்டி வற்றலின் மேல் ஏறி ஓடி, சாலையோரத்துக் கல்லில் முட்டி நின்றது. அம்மாள் தாவி ஒதுங்கியதால் தப்பினாள்.

செய்தி கேட்டு ஓடினேன். “மாமா, வண்டியில பிரேக்கே இல்லையா?” என்று கேட்ட பிள்ளையின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் நஷ்டத்தைக் கொடுத்துவிடுவதாக அந்த அம்மாளிடம் சொன்னேன். “விடுங்கய்யா, வத்தல்தானே. மனுசருக்கு ஒண்ணும் ஆகலை. நாங்க பாக்காத நட்டமா?” என்றாள். வற்புறுத்திய பிறகு, நசுங்கிய வற்றலுக்கு மட்டும் விலை வாங்கிக்கொண்டாள். அவள் என்னை வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் கோவில்பட்டியில் வயதான மேஸ்திரி ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். அவர் முதலில் பெடலை மிதித்து, காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார். மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் தேய்ந்திருக்கும் என்றார், இறங்கவில்லை. அடுத்துப் பின்சக்கரத்து ஷூக்களின் இடைவெளியைப் பார்த்தார். அதிகமிருந்தால் பெடல் ஆழம் போகும். அதுவும் சரியாக இருந்தது. இரண்டாம் மிதியில் எழும்பி வந்தாலும் ரப்பர்போல் நெகிழ்கிறதே, அப்படியானால் உள்ளே காற்று இருக்கிறது என்று முடிவு கட்டினார்.

எண்ணெய் அமுங்காது. கால் கொடுக்கும் அழுத்தத்தை அது சக்கரம்வரை குறையாமல் கொண்டுபோகும். அடைபட்ட திரவத்தின் இந்த இயல்பைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கிவிட்டார். காற்று அப்படியல்ல, அமுங்கிக்கொடுக்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும், மிதிக்கிற மிதி அதை நசுக்குவதிலேயே செலவாகிவிடும்.

“ஏர் எடுத்துத்தானே கொடுத்தார்கள்?” என்றேன். மேஸ்திரி சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இடப்பக்கத்துக் காலிப்பரை வலப்பக்கத்திலும், வலப்பக்கத்ததை இடப்பக்கத்திலும் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். அதனால் காற்றை வெளியேற்றும் நிப்பிள் மேலே இருப்பதற்குப் பதில் கீழே இருந்தது. “காத்து மேலதான் நிக்கும் அண்ணாச்சி. வாசலைக் கீழ வச்சா எப்படி வெளியே போகும்?” என்றார். இடம் மாற்றிப் பூட்டி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்கி, குமிழி நிற்கும்வரை எண்ணெய்யை இறக்கினார். பிறகு முதல் மிதியிலேயே பெடல் கல்லாக நின்றது. அரை நாள் வேலை! அந்த அரை நாளைத் தேடாமல்தான் இத்தனை நாள் பொறுமைசாலியாக இருந்திருக்கிறேன்.

பார்க்கப்போனால், குறையே இல்லாத பொருளும் உலகில் இல்லை, குறையே இல்லாத மனிதரும் இல்லை. எல்லாவற்றையும் திருத்திவிட்டுத்தான் புறப்படுவேன் என்றால் யாரும் வீட்டுப்படி இறங்க முடியாது. எனவே பொறுத்துப் போவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் குறைக்கு விலை கொடுக்கப்போவது யார்? அது அவருக்குத் தெரியுமா?

விலை கொடுப்பவன் நானாகவும், தெரிந்தே கொடுப்பவனாகவும் இருந்தால் அதற்குப் பொறுமை என்று பெயர். வற்றல் போனதைப் பொறுத்துக்கொண்டாளே, அந்த அம்மாளுடையது பொறுமை. நஷ்டம் அவளுடையது, மன்னிக்கும் உரிமையும் அவளுடையது. நான் பொறுத்துக்கொண்டதோ என் நஷ்டத்தையல்ல. சாலையில் வரும் யாரோ ஒருவருடைய உயிரை. அவர் என்னிடம் சம்மதம் கொடுக்கவில்லை. ஒரு மிதிக்கும் இரண்டு மிதிக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியவும் தெரியாது.

என் சாமர்த்தியம் வண்டியின் குறையைத் தீர்க்கவில்லை, மறைத்தது. என் கால் தேறத் தேற, மற்றவர் கைக்கு அந்த வண்டி அபாயமாகிக்கொண்டே வந்தது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஊர்ப் பொதுக் காரியத்திலும் இப்படி எத்தனை பெடல்களை நாம் இரண்டு முறை மிதித்துச் சமாளித்துவருகிறோம்! நமக்குப் பின் சாவியை வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு அதைச் சொல்லியிருக்கிறோமா?

திரும்பும்போது அதே வளைவில் அந்த அம்மாள் வற்றல் கூட்டிக்கொண்டிருந்தாள். வெகு தூரத்திலேயே மிதித்தேன். ஒரே மிதியில் வண்டி நின்றது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்படித்தானே இருக்க வேண்டும்?