இரவல் உடலில் ஒரு குரல்

1944-ஆம் ஆண்டில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கன்னட 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் சேர்த்து வெளியிட்டபோது, பொய்யே உரையாத மன்னனின் வாயில் வேறொருவர் குரலை வைப்பது சத்தியத்துக்கு அடுக்குமா என்ற கேள்வியும் உடன் பிறந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

காலையில் பற்பசை விளம்பரத்துக்கும், மாலையில் பார்வையற்றோர் கேட்கும் ஒலிநூலுக்கும் குரல் தருகிற கலைஞர், இடையே டப்பிங் அறையின் அரையிருளில் மைக் முன் நின்று, திரையில் உதடுகள் ஒட்டும் அதே கணத்தில் பகரமோ மகரமோ வந்து விழும்படி, யாரோ ஒரு தாயின் மூச்சைத் தம் மூச்சாக இழுத்து அழுகிறார். துக்கம் அவருடையதன்று, தழுதழுக்கும் தொண்டையோ அவருடையதே. இதை வேஷம் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

மேய்ப்பனை இழந்து கதறிய பசுக்களின்மேல் கருணை கொண்டு, மூலன் என்னும் சாத்தனூர் இடையனின் உடலில் புகுந்து அவற்றைத் தேற்றிய சிவயோகியார், அந்த உடலையே கணவனென்று நம்பி வந்த மூலனின் மனைவியிடம், தமக்கும் அவளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லிவிட்டதைப் பெரியபுராணம் கூறுகிறது. பசுக்களுக்கு அந்த உடலைத் தரலாம். அவளுடைய நம்பிக்கைக்கு அதைத் தரலாகாது. கதை என்று அறிந்தே அழுகிற சபைக்குக் குரல் ஈவதும், தாம் ஒருநாளும் உட்கொள்ளாத மருந்தை நோயாளி நம்பி வாங்கும்படி அதே கனிவோடு புகழ்வதும் எனக்கு ஒன்றாகப் படவில்லை; இரண்டாவது வகை வசனத் தாள் கைக்கு வரும்போது கலைஞர் சாத்தனூரில் நின்ற அந்தப் பெண்ணை ஒரு கணம் நினைக்க வேண்டும்.