எனக்குப் பொருந்தாத சங்கீதம்

"எனக்கு ஜெபிக்கத் தெரியாது" என்று சொல்கிறவர்கள் நம் சபைகளில் நிறைய இருக்கிறார்கள். ஆராதனைக்குத் தவறாதவர்கள், வேதம் வாசிக்கிறவர்கள், அடுத்த வீட்டுத் துக்கத்துக்கு முதலில் போய் நிற்கிறவர்கள். வீட்டு ஜெபக்கூட்டத்தில் "நீங்க முடிவு ஜெபம் பண்ணுங்க" என்றால் மட்டும் தலை குனிந்துகொள்வார்கள். தடையில்லாமல் கால் மணி நேரம் ஜெபிப்பவரை ஜெபவீரர் என்று கொண்டாடுகிற இடத்தில், சொல் வராதவர் தன் விசுவாசத்தையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார். அந்த வேதனை தேவையற்றது. ஜெபிக்கத் தெரியாமல்தான் எல்லோரும் தொடங்குகிறோம்.

சீஷர்கள் இயேசுவிடம் ஜெபிக்கக் கற்றுத்தரும்படி கேட்டதை லூக்கா தன் 11ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அவர்கள் யூதர்கள், சிறு வயதிலிருந்தே ஜெப ஆலயத்தில் ஜெபம் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இயேசுவும், மனதில் தோன்றுவதைச் சொன்னால் போதும் என்று அவர்களை அனுப்பிவிடவில்லை. சொற்களைக் கொடுத்தார். நாம் பரமண்டல ஜெபம் என்று சொல்லும் அந்தச் சில வரிகளுக்குப் பின்னால், அவரும் அவருடைய மக்களும் தலைமுறை தலைமுறையாக ஜெபித்துவந்த ஒரு பெரிய புத்தகம் இருந்தது. 150 சங்கீதங்கள், ஐந்து பகுதிகளாக.

இந்தப் புத்தகத்தில் ஒரு விந்தை உண்டு. பழகிப்போனதால் அது நம் கண்ணில் படுவதில்லை. வேதம் என்றால் தேவன் மனிதனிடம் பேசுவது. சங்கீதங்களிலோ பெரும்பாலும் மனிதன் தேவனிடம் பேசுகிறான். கெஞ்சுகிறான், முறையிடுகிறான், கோபப்படுகிறான், சந்தோஷத்தில் கூத்தாடுகிறான். அந்தப் பேச்சே தேவனுடைய வார்த்தையாக நம் கையில் இருக்கிறது. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1940இல் சங்கீதங்களைப் பற்றி எழுதிய சிறு நூல் இந்த வியப்பிலிருந்துதான் தொடங்குகிறது. குழந்தை பேசக் கற்பது தகப்பன் அதனிடம் பேசுவதால்தான். தகப்பனுடைய மொழியையே அது தகப்பனிடம் திருப்பிப் பேசுகிறது. ஜெபமும் அப்படியே என்றார் அவர். மனம் நிறைந்திருக்கும்போது பேசுவதும், வெறுமையாக இருக்கும்போது வாய்மூடிக் கிடப்பதும் ஜெபம் ஆகாது என்பது அவருடைய வாதம். அந்த நூலுக்குப் பிறகு அவர் எதையும் வெளியிடக் கூடாது என்று நாஜி அரசு தடை விதித்தது. எபிரெயரின் ஜெபப் புத்தகத்தைத் திருச்சபையின் ஜெபப் புத்தகம் என்று சொன்ன நூல் அது.

நம்மிடையே சங்கீதங்களுக்குக் குறைவில்லாத மரியாதை இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் 23ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். வெளியூர் புறப்படுகிறவரை நிறுத்தி 121ஐ வாசித்து அனுப்புகிறோம். வீட்டில் நோய் என்றால் 91. நன்றி ஆராதனைக்கு 103. அடக்க ஆராதனையில் 90. இவை நல்ல வழக்கங்கள். சொல்லத் தெரியாத நேரத்தில் வாயில் வார்த்தையை வைத்தவை. ஆனால் பத்துப் பன்னிரண்டு சங்கீதங்களோடு நாம் நின்றுவிட்டோம். அவற்றிலும் ஆறுதல் தரும் வசனங்களை மட்டும் பிரித்தெடுத்து வாக்குத்தத்த அட்டையில் அச்சடித்துப் புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்கிறோம். அட்டைக்கு வராத வசனங்களே புத்தகத்தில் அதிகம். சங்கீதங்களில் மற்ற எந்த வகையையும்விட மிகுதியானது புலம்பல்தான்.

13ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ஆறே வசனங்கள். தேவன் தன்னை மறந்துவிட்டாரா, இன்னும் எத்தனை காலம் என்று முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை கேட்கிறான் தாவீது. கடைசி வசனத்தில் பாடுகிறான். நடுவில் எதிரி தோற்றதாகவோ நோய் தீர்ந்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. மாறியது ஒன்றுதான்: தனக்குள் புலம்பிக்கொண்டிருந்ததை அவன் தேவனுடைய முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான். 42, 43ஆம் சங்கீதங்களில் பாடகன் மூன்று முறை தன் ஆத்துமாவையே நிறுத்தி, ஏன் இப்படிக் கலங்குகிறாய் என்று விசாரிக்கிறான். தன் மனம் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காமல் மனத்தோடு பேசுவதும் ஜெபத்தின் ஒரு பகுதி என்பதை இந்த இரண்டு சங்கீதங்களும் கற்றுத் தருகின்றன.

44ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. நாங்கள் உம்மை மறக்கவில்லையே, பிறகு ஏன் தூங்குகிறீர் என்று ஒரு மக்கள் கூட்டமே தேவனை எழுப்பப் பார்க்கிறது. அப்படிக் கேட்க வைத்த ஒரு நாள் நமக்கும் உண்டு: 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியிலும் கன்னியாகுமரிக் கடலோரக் கிராமங்களிலும் ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போனவர்களில் கிறிஸ்தவர்கள் ஏராளம். அப்படியொரு கரையில் நிற்கும் தாயிடம் வாக்குத்தத்த அட்டையை நீட்ட முடியாது. கழுத்துவரை வெள்ளம் ஏறிவிட்டதென்று கதறும் 69ஆம் சங்கீதத்தை அவளோடு சேர்ந்து வாசிக்க முடியும். துக்கத்தில் தேவனிடம் கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று அவளிடம் சொல்கிறவர்கள், தேவனே தந்த ஜெபப் புத்தகத்தை அவள் கையிலிருந்து பிடுங்குகிறார்கள். இதை நான் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். நம் துக்க வீடுகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

தினந்தோறும் சங்கீதங்களைச் சொல்லி ஜெபிப்பது புதிய யோசனை ஒன்றுமில்லை. ஆறாம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதிய பெனடிக்ட், 150 சங்கீதங்களையும் வாரம் ஒருமுறை முடித்துவிட வேண்டும் என்றார். நம் முன்னோர் ஒரே நாளில் செய்ததை நாம் ஒரு வாரத்திலாவது செய்வோம் என்பது அவருடைய நியாயம். இங்கிலாந்தின் ஆங்கிலிகன் ஜெபப் புத்தகம் காலை, மாலை என்று பிரித்து ஒரு மாதத்தில் முழுவதையும் முடிக்கிறது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த ஆங்கிலிகன் சபைகள் அந்த மரபில் வந்தவை. கத்தோலிக்கரின் அன்றாட ஜெப ஒழுங்கான இன்றைய திருப்புகழ்மாலை நான்கு வாரச் சுற்றில் அமைந்திருக்கிறது.

வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற ஒரு வீட்டுக்கு இவ்வளவு வேகம் வேண்டாம் என்பது என் எண்ணம். காலையில் ஒன்று, இரவு குடும்ப ஜெபத்தில் ஒன்று போதும். 119ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள். எபிரெய எழுத்து வரிசைப்படி எட்டெட்டாக 22 பகுதிகள். அவற்றைத் தனித்தனி நாளுக்கு வைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய மூன்று மாதத்தில் புத்தகம் முடியும். பிறகு முதலிலிருந்து மறுபடியும். வாய்விட்டு வாசியுங்கள், இவை பாடுவதற்கென்று எழுதப்பட்டவை. எந்த வசனத்தில் மனம் நிற்கிறதோ அங்கே நின்று, உங்கள் சொந்தச் சொற்களில் அதைத் தொடருங்கள். நின்றது ஒரு வசனத்தில் மட்டும் என்றாலும் குறையில்லை. முக்கியமான விதி ஒன்றே ஒன்று: அன்றைக்கு எது வருகிறதோ அதைத்தான் ஜெபிக்க வேண்டும், பிடித்ததைத் தேடிப் போகக் கூடாது.

உண்மையான சிரமம் அங்கேதான் தொடங்கும். பிள்ளைக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் வீடே நிறைந்திருக்கும் இரவில், வரிசைப்படி 88ஆம் சங்கீதம் வந்து நிற்கும். மற்றப் புலம்பல்கள் எப்படியோ ஒரு நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடும். இது திரும்பாது. கைவிடப்பட்டவனாக, சிநேகிதர்களும் விலகிப்போனவனாக, இருளிலேயே முடிகிறான் அந்தப் பாடகன். இன்னொரு நாள் உங்களுக்கு எழுந்து உட்காரவே தெம்பிருக்காது. அன்றைக்கு 150ஆம் சங்கீதம் கைத்தாளங்களைக் கொட்டச் சொல்லும். இது எனக்குப் பொருந்தவில்லையே, பொருந்தாத ஒன்றைச் சொல்வது வேஷம் ஆகாதா என்று மனம் கேட்கும். நேர்மையான கேள்விதான்.

இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான விடை, போன்ஹோஃபரின் வேதப் புத்தகத்து ஓரத்தில் எழுதப்பட்ட ஒரு தேதி. 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு ஜெர்மனி முழுவதும் யூதர்களின் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன. 74ஆம் சங்கீதத்தின் எட்டாம் வசனம், நாட்டிலிருந்த தொழும் இடங்களை எதிரிகள் தீக்கிரையாக்கியதைச் சொல்கிறது. அந்த வசனத்துக்குக் கோடிட்டு, அருகில் அந்த நாளைக் குறித்துவைத்தார் அவர். எரிந்தது அவருடைய ஆலயம் இல்லை. அவர் லூத்தரன் போதகர். அவருடைய நாட்டுச் சபைகள் பெரும்பாலும் அந்த நெருப்பைப் பார்த்து மௌனமாக இருந்தன. தமக்குப் பொருந்தாத சங்கீதத்தை அவர் தாண்டிப்போகவில்லை. அது யாருக்குப் பொருந்துகிறது என்று பார்த்தார், அவர்களுக்காக ஜெபித்தார். பிறகு சிறைக்குப் போனார். 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃபுளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையில் 88ஆம் சங்கீதம் வெள்ளிக்கிழமைதோறும் உறங்கப் போகுமுன் சொல்லும் ஜெபத்தில் வருகிறது. அன்றைக்கு நலமாக இருப்பவரும் அதைச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருப்பவர், கணவனின் குடிக்குப் பயந்து விளக்கணைத்து உட்கார்ந்திருப்பவள், யாரோடும் பேசாமல் அறைக்குள் கிடக்கும் மாணவன் என்று எங்கோ ஒருவருக்கு அன்றிரவு அந்தச் சங்கீதம் தேவைப்படுகிறது. அவர்களால் வாய் திறக்க முடியாமல் இருக்கலாம். அவர்களுடைய சொற்களை நான் என் வாயில் வாங்கிச் சொல்கிறேன். என் துக்க நாளில், எனக்கு முகம் தெரியாத ஒருவர் என் பங்குக்குத் துதியின் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். இதில் வேஷம் எங்கே இருக்கிறது?

எதிரிகள்மேல் தண்டனை வரும்படி வேண்டுகிற சாபச் சங்கீதங்களையும் இந்த இடத்தில் வைத்துத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. 1971இல் திருத்தியமைத்த திருப்புகழ்மாலையிலிருந்து 58, 83, 109 ஆகிய மூன்றையும் கத்தோலிக்கத் திருச்சபை விலக்கிவிட்டது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. வேலித் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி 109ஐ வாசிப்பது பெரும் பாவம். என்றாலும் விலக்கியது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்த்துச் சுவர் எழுப்புகிற கிறிஸ்தவர்கள் வாழும் மாநிலம் இது. அந்தச் சுவருக்கு அப்பால் தன் தகப்பனைப் புதைத்துவிட்டு வருகிறவனின் நெஞ்சில் எழும் கோபத்துக்கு வேதத்தில் இடம் உண்டா இல்லையா? உண்டு என்கின்றன அந்தச் சங்கீதங்கள். பழிவாங்குவதைத் தன் கையில் எடுக்காமல் தேவனுடைய கையில் வைக்க அவை வழி செய்கின்றன. சுவருக்கு இப்பால் நிற்பவர்கள் அவற்றை வாசிக்கும்போது வேறொன்று நேரும். இந்தச் சங்கீதத்தில் நான் யார், முறையிடுகிறவனா, முறையீட்டுக்கு ஆளானவனா என்ற கேள்வி வரும். நமக்கு எதிராகவும் யாரோ இதை ஜெபித்துக்கொண்டிருக்கலாம். தானாகத் தோன்றும் எந்த ஜெபமும் இந்த உண்மையை நமக்குச் சொல்லித் தராது.

இவை எல்லாவற்றையும் முழுக்கத் தன் ஜெபமாகச் சொல்லக் கூடியவர் ஒருவர்தான். கடைசி இராப்போஜனம் முடிந்ததும் ஒரு பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். பஸ்கா இரவில் யூதர்கள் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களைப் பாடுவது வழக்கம். அவற்றின் பிற்பகுதியையே அன்று பாடியிருப்பார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 118 வெற்றியின் பாட்டு. சில நாழிகைகளில் பிடிபடப் போகிறவர் அதைப் பாடினார் என்றால், அந்த இரவின் நிலைமைக்கு அது கொஞ்சமும் பொருந்தியிருக்காது. சிலுவையில் அவர் எழுப்பிய கூக்குரல் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். லூக்கா எழுதியபடி அவருடைய கடைசி வார்த்தை 31ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது. யூதர்கள் இரவில் உறங்கப் போகுமுன் சொல்லும் ஜெபத்தில் இன்றைக்கும் அந்த வரி உண்டு. சாகும் வேளையில் தேவகுமாரன் புதிதாகச் சொல் தேடவில்லை. கற்றுக்கொண்டதைச் சொன்னார். கைவிடப்பட்டவர்களின் ஜெபம் எதுவோ அதையே தன் ஜெபமாக்கிக்கொண்டார்.

ஆகவே நாம் ஜெபிக்கத் தொடங்கும்போது ஜெபம் தொடங்குவதில்லை. அது முன்பே நடந்துகொண்டிருக்கிறது. கிறிஸ்து அதில் இருக்கிறார். எரிந்த ஆலயத்தின் முன்னே நின்றவர்களும், கடலோரத்துத் தாயும், சுவருக்கு அப்பால் நிற்கிறவனும் இருக்கிறார்கள். சங்கீதத்தைத் திறக்கிறவர் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொள்கிறார். தனியாக, தன் சொற்களால், தன் உணர்ச்சியின் பலத்தில் தேவன்வரை போய் எட்டவேண்டிய பாரம் அவர்மேல் இல்லை.

இன்றிரவு குடும்ப ஜெபத்தில் முதல் சங்கீதத்தில் தொடங்குங்கள். வரிசையை மாற்றாதீர்கள்; பிள்ளைகளையும் ஆளுக்கொரு வசனமாக வாசிக்க விடுங்கள். 88 வரும் நாளில் உங்கள் வீட்டில் துக்கம் ஒன்றும் இல்லாவிட்டால், அது யாருக்குத் தேவைப்படுகிறது என்று யோசித்து, அவர் பெயரைச் சொல்லிவிட்டு வாசியுங்கள்.