நல்ல பெயர் யார் வாயில் பிறக்கிறது?

தொழில் செய்கிறவனுக்குக் கைப்பணத்தைவிட நல்ல பெயரே பெரிய முதல் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அந்த நல்ல பெயர் யாருடைய வாயில் பிறக்கிறது என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தை முன்வைத்து இதைக் கொஞ்சம் சிந்திப்போம்.

காஞ்சியில் பத்துத் தறிக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுத்து, கூலிக்கு நெய்து வாங்கும் ஒரு சிறு முதலாளியை எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டின் முன்னறைதான் கடை. கல்யாணச் சேலை எடுக்க வருகிற குடும்பத்தைப் பாயில் உட்காரவைத்து முதலில் தண்ணீர் கொடுப்பார். ஐம்பது சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். இருக்கிற பணத்துக்குள் ஏழைத் தகப்பனுக்கு ஒரு நல்ல சேலையைத் தேடிக் கொடுப்பார். “அங்கே போங்கள், மனுஷர் நல்லவர்” என்று ஒரு வாய் சொல்லும். அதைக் கேட்டு இன்னொரு குடும்பம் வரும்.

பட்டு வியாபாரத்தில் இந்தப் பேச்சுக்கு மதிப்பு அதிகம். ஏனென்றால் வாங்குகிறவர் கண்ணுக்குச் சரக்கின் உண்மை தெரியாது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்படி ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் இருக்க வேண்டும். போலி ஜரிகையும் புதிதில் அதே பளபளப்புடன்தான் இருக்கும். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்றாலும் பலருக்குத் தெரியாது. சில வருஷம் கழித்துக் கரை கறுக்கும்போதுதான் தெரியும். ஆகவே வாங்குகிறவர் சேலையை நம்பி வாங்குவதில்லை, கொடுக்கிறவரின் சொல்லை நம்பி வாங்குகிறார்.

இந்த நம்பிக்கை காஞ்சி நெசவாளருக்குப் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயிலின் மேற்பார்வையையும் கணக்கையும் அவ்வூர்ச் சேரிகளில் வாழ்ந்த பட்டு நெசவாளர்களிடம் ஒப்படைத்த செய்தி அதில் வருகிறது. பொன்னும் நெல்லும் வந்து போகிற இடத்தின் கணக்கை ஒருவரிடம் கொடுக்க வேண்டுமானால், அவருக்கு ஊரில் எப்படிப்பட்ட பேர் இருந்திருக்க வேண்டும்!

இதுவரை சொன்னது கடைப்பக்கம். இனித் தறிப்பக்கம் பார்ப்போம்.

தறிக்காரருக்கும் அதே முதலாளி நல்லவர்தான். மகளுக்குக் கல்யாணம் என்றால் முன்பணம் கொடுக்கிறார். வீட்டில் சாவு விழுந்தால் நள்ளிரவிலும் பணத்தோடு வந்து நிற்கிறார். குழித்தறி என்பது தரையில் குழி வெட்டி அமைத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் தண்ணீர் ஊறினால் தறி நின்றுபோகும். அப்போதும் அரிசிக்கு அவர்தான் பணம் தருகிறார். “ஆபத்துக்கு உதவுகிற புண்ணியவான்” என்று தெரு பேசுகிறது.

ஆனால் அந்த முன்பணம் எப்போது தீரும்? கூலி வீட்டுச் செலவுக்கே போதாதபோது கடன் குறைவதில்லை. கடன் தீராமல் வேறு முதலாளியிடம் போக முடிவதில்லை. கரையும் உடலும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் அது ஆகாது, மறுபக்கம் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல வீடுகளில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையின் கையாக இருந்தது. முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்தார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் 1990-களில் காஞ்சித் தறிகளில் பிள்ளைகள் படும் பாடு நாடெங்கும் பேசப்பட்டது. அரசும் தொண்டு நிறுவனங்களும் வருஷக்கணக்காக உழைத்து அவர்களைப் பள்ளிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது.

மக்களே, இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். முன்பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர். பலர் இரக்கப்பட்டே கொடுத்தார்கள். வாங்கியவர்களும் கைகூப்பி நன்றி சொன்னார்கள். ஆனாலும் அந்த இரக்கம் ஒரு பிள்ளையின் காலைக் கட்டியது. அப்படியானால் அதைத் தர்மம் என்று சொல்லலாமா?

கூலியில்லா ஊழியம் என்றால் என்னவென்று நம் முன்னோர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருவிதாங்கூரில் அதை உடம்பால் அனுபவித்தவர்கள் அவர்கள். அப்படிக் குனிந்து நின்றவர்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் செய்தவர் அய்யா. தாழ்ந்து கிடப்பவரைக் கைதூக்கி விடுவதையே தர்மமாக அவர் காட்டினார். அவர் காட்டிய அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். உதவியைப் பெற்றவர் முன்பைவிட நிமிர்ந்தாரா, இன்னும் குனிந்தாரா? நிமிர்ந்தால் அது தர்மம். குனிந்தால், அதற்கு எத்தனை இனிய பெயர் வைத்தாலும் அது வட்டிக் கணக்குத்தான்.

“பெயருக்காகச் செய்தாலும் உதவி உதவிதானே? பசித்த வயிறு நிறைந்ததே!” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பேருக்காகக் கொடுத்த சோறும் பசியை ஆற்றும், அதை மறுக்க வேண்டாம். ஆனால் பேருக்காகச் செய்கிறவரின் அன்பு, பார்க்க ஆள் இல்லாத இடத்தில் நின்றுவிடும். தறிக்காரரிடம் நூலை நிறுத்துக் கொடுக்கும்போது யாரும் பார்ப்பதில்லை. நெய்த சேலையில் சிறு குறை கண்டு கூலியைப் பிடிக்கும்போது யாரும் பார்ப்பதில்லை. சேலையை அறுத்துக் கொண்டுவந்த அன்றே கூலி தராமல் “நாளைக்கு வா” என்று சொல்லும்போதும் ஊர் கேட்பதில்லை. கடையில் கொடுத்த தண்ணீரை விருந்தாளி பார்க்கிறார். தராசு முள்ளை அய்யா பார்க்கிறார்.

ஆகவே முதலில் நீதி, அதன் மேல் அன்பு. கூலியைக் குறைத்து மிச்சம் பிடித்த பணத்தில் தீபாவளிக்கு வேட்டி சேலை கொடுத்தால், அது அவரவர் பணத்தையே அவரவருக்குத் திருப்பிக் கொடுப்பது. காஞ்சியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே நூலுக்கும் கூலிக்கும் கணக்குப் புத்தகம் உண்டு. தறிக்காரர் ஒரு தனிமனிதரின் மன இரக்கத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. உரிமையாக வருவதை உதவியாகக் கேட்கும் நிலை ஒருவருக்கு வரக்கூடாது.

சுவாமிதோப்பில் முத்திரிக் கிணறு இருக்கிறது. சாதி பாராமல் எல்லாரும் ஒன்றாக அதில் நீராட வேண்டும், அதன் நீரைப் பருக வேண்டும் என்று அய்யா வகுத்தார். தண்ணீர் குடித்தவரிடம் கிணறு கடன் எழுதி வைப்பதில்லை. அவர் நாளைக்கு வேறு ஊருக்குப் போனால் கோபிப்பதும் இல்லை. நம் உதவியும் அப்படி இருக்கட்டும்.

நம் மக்களில் பலசரக்குக் கடை, பாத்திரக் கடை, சிறு பட்டறை வைத்திருப்போர் பலர். இரவில் கல்லாவைப் பூட்டும்போது இரண்டு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். என்னைப் புகழ்கிறவர்களில், எனக்குப் பயந்து புகழ்கிறவர் எத்தனை பேர்? என்னிடம் வேலை பார்க்கும் பையன் நாளைக்கு விலகி நின்று சொந்தக் கடை வைத்தால், அவனை வாழ்த்த எனக்கு மனம் வருமா?

கடன்பட்டவன் சொல்லும் நல்ல பெயரை முழுவதும் நம்ப முடியாது. அவனுக்கு வேறு வழி இல்லை. கணக்குத் தீர்ந்து, வேறு தறிக்குப் போய், இனி நம்மிடம் ஆகவேண்டியது ஒன்றும் இல்லாத ஒருவன் தெருவில் நின்று “அவர் நல்லவர்” என்று சொன்னால், அந்தப் பெயர்தான் பெயர். அதைச் சம்பாதிக்கவே நாம் கடை திறப்போம்.

அய்யா உண்டு.