கணக்குத் தீர்ந்த பின்னரும் கடனாளியா?



ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மகன் கேட்டான்: “அப்பா, நாயளைக் கொன்ற ஆளைப் பெடியளுக்குக் கோச்சா விடலாமோ?”

அவன் கேட்டது மைக்கல் விக் என்பவரைப் பற்றி. அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்திலுள்ள நோபோக் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2024 டிசம்பரில் அவரைத் தனது உதைபந்தாட்ட அணியின் தலைமைப் பயிற்றுநராக நியமித்தது. “கோடு தண்டிச்சுது, அவர் அனுபவிச்சிட்டார், முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தேன். வீடு வந்து சேருமுன்னரே அந்தப் பதில் எனக்குப் போதாமற் போய்விட்டது. அதனாற்தான் இக்கட்டுரை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் குவாட்டர்பேக் என்பவர் ஏறக்குறைய அணியின் மூளை. ஒவ்வொரு நகர்வும் அவர் கையிலிருந்துதான் தொடங்கும். 1980இல் பிறந்த விக் வறிய குடும்பத்துப் பிள்ளை. 2001இல் அட்லாண்டா அணி அவரை நாட்டின் முதலாவது தெரிவாக எடுத்தது. கறுப்பின குவாட்டர்பேக் ஒருவர் முதலாவதாகத் தெரிவானது அதுவே முதற்தடவை. 2004இல் பத்து ஆண்டுகளுக்கு 13 கோடி டொலர் ஒப்பந்தம். 2007 ஏப்ரலில் வேர்ஜினியாவில் அவருக்குச் சொந்தமான காணியொன்றைப் பொலிசார் சோதனையிட்டபோது எல்லாம் சரிந்தது. அங்கே பந்தயத்துக்கு நாய்ச்சண்டை நடத்தப்பட்டிருந்தது. சண்டைக்கு உதவாத நாய்களைத் தூக்கிலிட்டும் நீரில் அமிழ்த்தியும் கொன்றிருந்தார்கள். விக் முதலில் மறுத்தார். கூட்டாளிகள் ஒவ்வொருவராக உண்மையைச் சொன்ன பின்னரே 2007 ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பரில் 23 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இனிக் கணக்குக்கு வருவோம். என் தொழிற்புத்தி அங்கேதான் முதலில் போகும்.

2008 யூலையில் சிறையிலிருந்தபடியே விக் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தார். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு இரண்டு பிரதான வழிகள் உண்டு. 7ஆம் அத்தியாயத்தின்படி, உள்ள சொத்தை விற்றுக் கொடுத்தால் மிச்சக் கடனில் பெரும்பாலானவை நீங்கிவிடும். 11ஆம் அத்தியாயத்தின்படி, திட்டமொன்று வகுத்து, வருங்கால வருமானத்திலிருந்து கடன்காரருக்குக் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். விக் சென்றது 11ஆம் அத்தியாயத்தின் வழியில். 2009இல் சிறையிலிருந்து வந்து, வீட்டுக்காவலில் இருந்தபடி மணிக்கு 10 டொலருக்குக் கட்டட வேலை நிறுவனமொன்றில் வேலை செய்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிலடெல்பியா அணி அவரை எடுத்தது. 2010இல் மீண்டெழுந்த சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் கிடைத்தது. பின்வந்த ஆண்டுகளில் சம்பளத்தின் பெரும்பங்கு ஒரு கோடி டொலருக்கு மேற்பட்ட பழைய கடனை அடைக்கப் போயிற்று. வங்குரோத்துக்காரர் பலரின் கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படிக் கொடுத்து முடிப்பவர்கள் குறைவு.

ஆனால் பணக்கடன் வேறு, பாவக்கடன் வேறு. வங்கிக்குக் கொடுக்கவேண்டியதை வங்கிக்குக் கொடுக்கலாம். கொல்லப்பட்ட நாய்க்கு யார் கொடுப்பது? மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உரியது. இங்கே பாதிக்கப்பட்டது வாயில்லாச் சீவன். ஆகவே “நாங்கள் மன்னித்துவிட்டோம்” என்று சொல்ல அமெரிக்கருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

நாம் சிறுவயதிற் கேட்ட மனுநீதிச் சோழன் கதையை நினைத்துப் பாருங்கள். தன் மகனின் தேர்க்காலில் நசிந்த கன்றுக்காக, தாய்ப்பசு அடித்த ஆராய்ச்சி மணிக்கு அரசன் செவிசாய்த்தான். மிருகத்தின் உயிரை மலிவாக எண்ணாத மரபு எம்முடையது. “வெறும் நாய்தானே” என்று சிலர் விக்குக்காகப் பேசுவதை நாம் ஏற்கமுடியாது. அதேவேளை அக்கதையின் முடிவில் இறைவன் தோன்றிக் கன்றையும் இளவரசனையும் எழுப்பித் தருகிறார். வேர்ஜினியாவில் எந்த நாயும் எழுந்து வரவில்லை. ஆகவே எமது கேள்வி கடினமானது: இழந்தது திரும்பி வராத இடத்தில், இழக்கச் செய்தவனை என்ன செய்வது?

இதற்கு விடை தேடும்போது, உயிர்தப்பிய நாய்களின் கதையே எனக்கு வழிகாட்டியது. அந்தக் காணியிலிருந்து ஐம்பது அளவில் நாய்கள் மீட்கப்பட்டன. சண்டைக்குப் பழக்கிய நாய்கள் திருந்தா, எல்லாவற்றையும் கருணைக்கொலை செய்வதே மேல் என்று சொன்னவர்கள் சாதாரணமானவர்களல்லர். மிருகநலனுக்காகவே பாடுபடும் பெரிய அமைப்புகளும் அப்படித்தான் சொல்லின. நீதிமன்றமோ நிபுணர்களைக் கொண்டு ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பரிசோதிக்கச் செய்தது. விளைவு, 47 நாய்கள் காப்பகங்களுக்குச் சென்றன. பல பின்னர் குடும்பங்களில் வளர்ந்தன. நோயாளருக்கு ஆறுதலளிக்கப் பயிற்றப்பட்ட நாயும் அவற்றுள் உண்டு. பராமரிப்புக்கென ஏறக்குறைய 9 லட்சத்து 28 ஆயிரம் டொலரை விக் செலுத்த வேண்டியிருந்தது.

நாய்கள் குற்றமற்றவை, விக் குற்றவாளி. இரண்டையும் நான் சமப்படுத்தவில்லை. ஆனால் “இந்த வகை இப்படித்தான்” என்று மொத்தமாகத் தள்ளாமல் ஒவ்வொன்றையும் பார்த்து முடிவெடுத்தமை பெரிய பாடம். அகதி விசாரணைக்கு முன்னால் இருந்த நம்மிற் பலருக்கு இது விளங்கும். “இவங்கள் எல்லாரும் இப்படித்தான்” என்று யாரேனும் முடிவெடுத்திருந்தால் இன்று இம்மண்டபத்தில் எத்தனை பேர் இருந்திருப்போம்?

அப்படியாயின் தனியொருவரை எதைக்கொண்டு அளப்பது? நான் மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். செய்ததைச் செய்தேன் என்று சொன்னாரா? விக் பிந்தியே சொன்னார், எனினும் சொன்னார். கொடுக்கக்கூடியதைக் கொடுத்தாரா? கொடுத்தார். தவறு நடந்த இடத்துக்கே ஏதும் செய்தாரா? பாடசாலைகளுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் சென்று நாய்ச்சண்டைக்கு எதிராகப் பேசினார். நாய்ச்சண்டை பார்க்கச் செல்வதையும் குற்றமாக்கும் சட்டமூலத்துக்கு ஆதரவாக 2011இல் வாஷிங்டன் சென்று பேசினார். அது 2014இல் சட்டமாயிற்று.

“அவர் நன்றாக ஓடுவார், அதனாற்தான் இடம் கிடைத்தது. மணிக்கு 10 டொலர் வேலைக்காரன் என்றால் யார் பார்த்திருப்பார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். திறமைசாலிக்குக் கிடைக்கும் மறுவாய்ப்புக்கு மன்னிப்பு என்று பெயர் வைப்பது போலித்தனம். அதற்குப் பரிகாரம் விக்கிடமிருந்து பறிப்பதல்ல, ஓடத் தெரியாதவனுக்கும் கொடுப்பது.

இங்கேதான் விடயம் எம் வாசலுக்கு வருகிறது. சிறை சென்று வந்த இளைஞரொருவர் ஆலயத்திற் தொண்டு செய்யக் கேட்டபோது, சபைக் கூட்டத்தில் முதலில் “வேண்டாம்” என்று கையுயர்த்தியவன் நான். அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அதன்பின் என்ன செய்தார் என்றும் கேட்கவில்லை. வகையைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. அவர் அதன்பின் கோயிலுக்கு வரவேயில்லை. என் ஐந்தொகையில் அது இன்னும் தீராத கடன்.

மறுவாய்ப்பு உரிமையல்ல, பிச்சையுமல்ல. அது கடன் போன்றது. ஆளைப் பார்த்து, நிபந்தனையோடு, சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டும். பணம் கையாடியவரிடம் உண்டியற் திறப்பை உடனே கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் சோற்று அகப்பையைக் கொடுக்கலாம். 2012இல், நீதிமன்றத் தடை முடிந்தபின், விக் பிள்ளைகளுக்காக வீட்டில் ஒரு நாய் வளர்த்தபோது எனக்கு நெருடத்தான் செய்தது. அவர் பிள்ளைகளுக்குப் பந்தெறியக் கற்பிப்பது எனக்கு நெருடவில்லை.

மகனிடம் இதையே சொன்னேன். அவன் சற்று யோசித்துவிட்டு, “அப்ப அந்த அண்ணாவை நீங்கள் திரும்பக் கூப்பிடுவியளோ?” என்று கேட்டான். அடுத்த சபைக் கூட்டத்தில் அதை நானே பிரேரிப்பதாக அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாசகர்களாகிய நீங்களும் அன்று வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.