மாற்று ஆட்டக்காரரின் ஊதியமும் நீதியும்

என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐவர். ஆக, ஓர் அணி பங்கிட்டுத் தரக்கூடியவை 240 ஆட்ட நிமிடங்களே. முழு ஒப்பந்தம் பெறுவோரோ 15 பேர் வரை. பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருப்பவருக்குப் பெருந்தொகை தருவது நியாயமா?

ஒருவரின் தகுதிக்கேற்ற பங்கே நீதி என்றார் அரிஸ்டாட்டில். தகுதியை எதைக்கொண்டு அளப்பது என்பதில்தான் சிக்கல். 1974இல் தத்துவவாதி ராபர்ட் நோசிக், தன் ஆட்டத்தைக் காண ஒவ்வொரு ரசிகரும் விரும்பித் தரும் 25 சென்ட்டால் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் செல்வராவதில் அநீதி இல்லை என வாதிட்டார். ஆனால் மாற்று ஆட்டக்காரரைப் பார்ப்பதற்கென்று யாரும் டிக்கெட் வாங்குவது அரிது.

ஆடிய நிமிடங்களும் சரியான அளவுகோல் அல்ல. 2014-15 வழக்கமான பருவத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வீரர் ஆண்ட்ரே இகுடாலா ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்க ஐவரில் இல்லை. இறுதிச்சுற்றில் அணி 1-2 எனப் பின்தங்கியபோது நான்காம் ஆட்டத்தில் அவர் தொடக்க வரிசைக்கு வந்தார். அந்த ஆட்டம் தொடங்கி மூன்றிலும் அணி வென்றது. இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது.

எனினும் வென்றதால் மட்டும் செலவு சரியாகிவிடாது. தோற்றிருந்தால் தவறாகியிருக்கவும் செய்யாது. பயன் தற்செயலைச் சார்ந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளில் தெரிந்திருந்த தேவை, இடர், ஆயத்தம் ஆகியவையே அந்தச் செலவை எடைபோடும் நேரிய அளவுகள்.