வாரத்துக்கு ஆறு மணி நேரம்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளில், ஆய்வு மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தலிலோ ஆய்விலோ துணைப்பணி கொடுக்கலாம் என்று இருக்கிறது. நியாயமான அளவு. வகுப்பும் நடக்க வேண்டும், ஆய்வேடும் நகர வேண்டும் என்றால் அதற்கு மேல் தாங்காது. ஆனால் உதவித்தொகை இல்லாமல் ஆய்வு செய்கிறவர்கள் அந்த அளவுக்குள் நிற்க முடிவதில்லை. கிடைக்கிற வகுப்பையெல்லாம் வாங்கிக்கொள்கிறோம். நான் ராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணியிலிருந்து பஸ் ஏறிப் போய் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகப் பொருளாதாரம் நடத்துகிறேன். ஆய்வுக்குப் பதிந்திருப்பது வளர்ச்சியியலில். ஆய்வுப் பகுதி இதே மாவட்டத்துக் கடற்கரை. வயிற்றுப்பாட்டுக்கு வகுப்பு, பட்டத்துக்கு ஆய்வு என்று வாழ்க்கையை இரண்டாகக் கூறு போட்டுக்கொள்வது சரிதானா என்ற கேள்வி என்னோடு கூடவே பஸ் ஏறுகிறது.

எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: “முதல்ல தீசிஸைக் குடுத்து முடிங்க தம்பி. கிளாஸ் எங்கேயும் ஓடிப் போயிடாது.” அக்கறையில்தான் சொல்கிறார். மணிக்கணக்கு வகுப்புகளை நம்பி வாழ்ந்து, ஆய்வேட்டைப் பாதியில் விட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். நானும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் வளர்ச்சியியல் படிக்கிறவனுக்கு இந்த அறிவுரை முழுசாகப் பொருந்தாது என்றுதான் எனக்குப் படுகிறது.

ராமநாதபுரம் சீமையைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. இந்தப் பக்கத்துக் கண்மாய்களையும் அவற்றைச் சுற்றிய அதிகாரத்தையும் வைத்து மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2003-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். பத்திரிகையாளர் பி.சாய்நாத்தின் 1996-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எங்கள் மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. 2018-இல் நிதி ஆயோக் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தவை இரண்டு, விருதுநகரும் ராமநாதபுரமும். அன்றிலிருந்து கணக்கெடுக்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். இப்படி எழுதப்பட்டதெல்லாம் சேதுக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளரும் ஒரு பிள்ளையின் காதுக்கு எப்போது போய்ச் சேருகிறது? அநேகமாக யாராவது ஒரு பகுதிநேர ஆசிரியர் வகுப்பில் சொல்லும்போதுதான்.

ஒரு நாள் பட்ட வகுப்பில் வறுமைக் கோடு நடத்திக்கொண்டிருந்தேன். டெண்டுல்கர் குழு வகுத்த முறைப்படி 2011-12-இல் கிராமப்புறத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய். பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு மாணவி கேட்டாள்: “எந்த மாசத்துக்கு சார்?”

அவளுடைய அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும். பங்கு என்ற பேச்சே இருக்காது. அம்மா விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பாசி எடுப்பவர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து தீவுப் பக்கம் போனால் வனத்துறை கேட்கும். இத்தனையும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அதை 8,000 ஆக உயர்த்துவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஐந்து பேர் இருக்கிற வீடு, ஆளுக்கு 816, இரண்டு மாதம். மொத்தம் 8,160. பல வருஷத்துக்கு முந்தைய விலைவாசியில் போட்ட கோட்டைத் தொடவே 160 ரூபாய் துண்டு விழுகிறது. ரேஷன் அரிசி இந்தக் கணக்கில் சேரவில்லை, அதையும் சொன்னேன். வகுப்பு முழுக்க நோட்டில் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “மிச்சம் பற்று நோட்டுல ஓடும் சார். போட் போனதும் கொஞ்சம் கொஞ்சமா அடைப்பாங்க” என்றான்.

மாதச் சராசரி போட்டால் அந்தப் பற்று நோட்டு கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். என் ஆய்வுக்கான வினாப் பட்டியலில் இப்போது ஒவ்வொரு மாதமும் தனியாக இருக்கிறது: என்ன வந்தது, யாரிடம் வாங்கியது, எப்போது அடைத்தது. அந்த அத்தியாயத்துக்கு உயிர் வந்ததே அதனால்தான். கருத்தரங்குக்கு வருகிறவர்கள் என் ஆய்வு முறையைப் பற்றிக் கேட்பார்கள். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் வீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாத ஓர் ஆய்வை முடித்துக் கொடுத்துப் பட்டம் வாங்குவதில் எனக்கு மனசு ஒப்பவில்லை.

1971-இல் அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய மால்கம் ஆதிசேஷையா, யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் பொறுப்பு வரை போய்த் திரும்பியவர். அதற்கெல்லாம் முன்பு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரப் பாடம் நடத்தியவர். உலகத்தைப் பற்றிப் பேசும் முன் எதிரில் இருக்கிற மாணவனுக்குப் புரிய வைத்த பழக்கம் அவருக்கு இருந்தது. வகுப்பிலிருந்து தொடங்கும் அந்த வரிசையை நான் மதிக்கிறேன்.

வகுப்பு தரும் இந்த நிறைவைக் காட்டி யாரும் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. கௌரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019-இல் சொன்னது. தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் 25,000 ரூபாய்க்கு வந்து சேரவே பல ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். மே மாதம் கிடையாது. அந்த மாணவியின் அப்பாவுக்குப் பங்கு இல்லாத அதே மே மாதத்தில், அவளைப் போன்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களுக்கும் சம்பளம் இல்லை. மணிக்கணக்கில் கூலி வாங்குகிற என்னைப் போன்றவர்களின் நிலை இதற்கும் கீழே. ஒரு பருவம் முழுக்க நடத்திவிட்டு, அடுத்த பருவம் பாதி ஓடிய பிறகு பணம் வாங்கியிருக்கிறேன். இது இங்கே மட்டும் உள்ள சங்கடமும் இல்லை. 2022 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பகுதி வகுப்பெடுத்தோ ஆய்வில் உதவியோ சம்பளம் வாங்கும் ஆய்வு மாணவர்கள். வாடகை கொடுக்கச் சம்பளம் பத்தவில்லை என்பதுதான் அவர்கள் குறை. வகுப்பைத் தூக்கிச் சுமப்பவர் ஆய்வு மாணவர், ஆனால் அவருக்கு வாழப் போதுமான சம்பளம் கிடையாது என்ற ஏற்பாடு பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கும் வசதியாகத்தான் இருக்கிறது.

இந்த ஆண்டு துறைத் தலைவர் இன்னும் இரண்டு பேப்பர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஒரே ஒரு பேப்பர், தமிழ்நாட்டுப் பொருளாதாரம், வாரம் ஆறு மணி நேரம். வீட்டில் இது எளிதாக எடுபடவில்லை. வீட்டுச் செலவைப் பற்றி அம்மா கேட்ட கணக்குக்கு என்னிடம் இன்னும் சரியான விடை இல்லை. மாலையில் டியூஷன் எடுத்துச் சமாளிக்கிறேன்.

புதிதாக ஆய்வுக்குப் பதிகிற பையன்களும் பெண்பிள்ளைகளும், “அண்ணே, அந்தக் காலேஜ்ல கூப்பிடுறாங்க, போகட்டுமா?” என்று ஜூன் மாதத்தில் கேட்பார்கள். போங்கள் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் எதை ஆராய்கிறீர்களோ அதையொட்டிய பாடத்தைக் கேட்டு வாங்குங்கள். மணிக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மே மாதத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்தால், இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள்.