கௌசிகர் நின்ற கடை

கோபக்காரர் ஒருவர் கடைக்குப் போன கதை மகாபாரதத்தில் இருக்கிறது. வனபர்வத்தில் மார்க்கண்டேய முனிவர் தருமருக்குச் சொல்வது. போனவர் கௌசிகர் என்ற அந்தணர். கடையோ மிதிலை நகரத்து இறைச்சிக் கடை. அங்கே போவதற்கு முன் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்வரலாம்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம், தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாத தெரு அது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடை. பெயர் எதற்கு? பத்துக் கடைகளில் நடப்பதை ஒரு கடையில் வைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தம் லேப்டாப்பைக் கவுண்டரில் தொப்பென்று வைக்கிறார். முந்தாநாள்தான் ‘ரொம்ப ஸ்லோ’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். கடைப் பையன் ஃபார்மட் அடித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறான். மெஷின் இப்போது பறக்கிறது. அதிலிருந்த படங்களைத்தான் காணோம்.

“யாரைக் கேட்டுடா அழிச்ச?”

“டேட்டா வேணும்னு நீங்க சொல்லலையே சார். ஜாப் கார்டுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க, பாருங்க.”

பையன் சொன்னது பொய்யில்லை. சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவன் அந்தச் சீட்டை நீட்டிய பிறகுதான் அவர் குரல் நாலு கடை தள்ளிக் கேட்டது.

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், 62, 63 ஆகிய இரு சுலோகங்களில், கண்ணன் ஒரு படிக்கட்டைக் காட்டுகிறான். மேலேறும் படி அல்ல, சறுக்கி விழும் படி. பொருளை நினைக்க நினைக்கப் பற்று, பற்றினால் ஆசை, ஆசையினால் கோபம். கோபத்தால் மயக்கம், மயக்கத்தால் நினைவு தவறுதல், அதன் பின் புத்தி போகிறது. வந்தவர் நினைவுகள் தொலைந்ததற்காகக் கோபப்படுகிறார். அந்தக் கோபமோ மிச்சமிருக்கும் நினைவையும் எடுத்துக்கொண்டு போகிறது. ‘படமெல்லாம் இருக்கு, பத்திரம்’ என்று அன்றைக்குத் தாம் சொன்னோமா இல்லையா என்பதே இப்போது அவருக்குத் தெரியாது. பையனுக்கும் தெரியாது.

வள்ளுவர் வெகுளாமையை 31ஆவது அதிகாரமாக, துறவறவியலில் வைத்தார். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் துறவியா என்று கேட்கத் தோன்றும். அதிகாரத்தின் முதல் இரண்டு குறளைப் படித்தால் கேள்வி அடங்கிவிடும். கோபம் செல்லுபடியாகும் இடம், ஆகாத இடம் என்று பிரித்துப் பேசுகிறார் அவர். காலையில் மேலதிகாரியிடம் விழுங்கிய கோபம், மாலையில் கடைப் பையன் தலையில் இறங்குகிறது. அங்கேதானே அது செல்லும்! பையனுடைய கோபம் வாடிக்கையாளரிடம் செல்லாது. ஆகவே அது ராத்திரி அவன் வீட்டுக்குப் போகிறது.

இனி கௌசிகர். மரத்தடியில் வேதம் ஓதிக்கொண்டிருந்தவர் மேல் ஒரு பெண் கொக்கு எச்சமிட்டது. அண்ணாந்து முறைத்தார், கொக்கு செத்து விழுந்தது. மனம் வருந்தினாலும் குணம் போகவில்லை. பிச்சைக்குப் போன வீட்டில், பசியோடு வந்த கணவனைக் கவனித்துவிட்டு அந்த அம்மாள் தாமதமாக வெளியே வர, அவளையும் முறைத்தார். நான் கொக்கு இல்லை என்றாள் அவள். தமிழ்நாட்டில் இதே கதையைக் கொங்கணவர் மீதும் வள்ளுவர் மனைவி வாசுகி மீதும் ஏற்றிச் சொல்வார்கள். பாரதத்து அம்மாள், தருமம் தெரியவேண்டுமானால் மிதிலையில் இருக்கும் வேடனிடம் போ என்று கௌசிகரை அனுப்பிவைத்தாள்.

போனால், கடையில் ஒரே கூட்டம். கௌசிகர் ஒதுங்கி நிற்கிறார். கதையின் உயிரே இந்த இடம்தான். கதை சொல்பவர்களில் பலர் இதை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த வேடன், தருமவியாதன், சட்டென்று எழுந்து, அவர் நிற்கும் இடத்துக்குத் தானே வருகிறான். வணங்குகிறான். இந்த இடம் உங்களுக்கு ஏற்றதல்ல, வீட்டுக்குப் போகலாம் என்கிறான்.

ரிச்சி தெருக் கடையின் ஓனர் வியாச பாரதம் படித்தவரா, தெரியாது. ஆனால் அவரும் எழுந்தார், கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். “அண்ணே, இங்க வேணாம். உள்ள ஃபேன் இருக்கு, வாங்க.” பத்துப் பேர் வேடிக்கை பார்க்கும்போது யாராலும் குரலை இறக்க முடியாது, இறக்கினால் தோற்றதாகிவிடும். உள்ளே உட்கார்ந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “யாரு படம்ணே?”

அம்மா. கடைசிப் பொங்கல்.

பேச்சை இனிப்பாக்கிக் காரியத்தைக் கைவிடும் கடைக்காரர்களும் உண்டு. அவர்களுக்குப் பொறுமைசாலிப் பட்டம் தரவேண்டியதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராதது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பதும் அப்படியே. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். தருமவியாதனும் தன் தொழிலைப் பற்றிப் பூசி மெழுகவில்லை. தான் கொல்வதில்லை, பிறர் கொன்றதை விற்கிறேன் என்று உள்ளதைச் சொன்னான்.

ஓனரும் உள்ளதைச் சொன்னார். சாதாரணமாக அடிக்கும் ஃபார்மட்டில் அழிவது அட்டவணைதான். படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு போகுமே தவிர, படம் வட்டிலேயே கிடக்கும். அதன் மேல் புதிதாக ஏதாவது எழுதப்பட்டால்தான் நிஜமாகப் போகும். விண்டோஸ் போட்டதில் கொஞ்சம் போயிருக்கும். எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் பெரும்பாலும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். இது பழைய ஹார்டு டிஸ்க், நல்லகாலம். மெஷினை உடனே நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினார். “எல்லாம் வரும்னு சொல்ல மாட்டேன்ணே. வர்றது வரட்டும். காசு வேணாம். பையன் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

தருமவியாதன் கௌசிகரைத் தன் வீட்டில் தாய் தகப்பன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். நெடுநேரம் பேசிய பிறகே கொக்குக்கும் முந்தைய கதையைத் தொட்டான். பெற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வேதம் கற்க வந்துவிட்டீர், அந்தத் துயரத்தில் அவர்களுக்குப் பார்வை போய்விட்டது, திரும்பிப் போய்ப் பாரும் என்றான். கௌசிகர் போனார்.

கடையில் ஸ்கேன் 41 சதவீதத்தில் இருந்தபோது டீ வந்தது. கொண்டுவந்தவன் அந்தப் பையன். முதல் டம்ளரை லேப்டாப்காரரிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டு, “நீ குடிச்சியா?” என்றார்.